1951இல் இங்கிலாந்தில் பிறந்த ஒருவரின் பிரசவப் பதிவைத் தேடி எட்டு மாதம்

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அம்மையார் 1951இல் இங்கிலாந்தில் பிறந்தவர். நான்கு வயதில் தாயை இழந்து அத்தை வீட்டில் வளர்ந்தவர். தான் எங்கே, யார் கையில் பிறந்தோம், அம்மாவுக்கு அப்போது என்ன உதவி கிடைத்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். பழைய ஆவணங்களில் எனக்குப் பழக்கம் உண்டு என்பதால் ஒப்புக்கொண்டேன். இரண்டு மூன்று வாரத்தில் முடியும் என்றுதான் நினைத்தேன். எட்டு மாதம் ஆனது. வீணாகப் போன பணம் மட்டும் 284 பவுண்ட்: தவறான சான்றிதழ்கள் இரண்டுக்கு 25, ஓர் ஆவணக் காப்பகத்தில் மூன்று மணி நேரத் தேடலுக்கு 120, பயனில்லாத இரண்டு ரயில் பயணங்களுக்கு 139. பணத்தைவிட, வயதான ஒருவரிடம் மாதா மாதம் "இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை" என்று சொல்ல வேண்டியிருந்ததுதான் என்னை வருத்தியது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பிரசவமும் குழந்தை நலமும் யார் பொறுப்பில் நடந்தன என்பதை முதல் நாளே உட்கார்ந்து படித்திருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும் வேலை இது. தேடப்போகிறவர்களுக்காக எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

அவரிடம் இருந்தது குட்டிப் பிறப்புச் சான்றிதழ். 1947இல் இந்தச் சுருக்க வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். பெயர், பால், பிறந்த தேதி, பதிவான மாவட்டம், அவ்வளவுதான் இருக்கும். பெற்றோர் பெயர் இருக்காது. திருமணம் ஆகாத தாய்க்குப் பிறந்தவர்களும் தத்துப் பிள்ளைகளும் பள்ளியிலோ வேலையிலோ சான்றிதழைக் காட்டும்போது தலைகுனியக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நல்ல நோக்கம், ஆனால் தேடுகிறவனுக்கு அதில் எதுவும் இல்லை. நான் செய்த முதல் தவறு, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் தெரியாமல், பெற்றோரின் திருமணச் சான்றிதழை ஊகித்து வாங்க முயன்றது. அப்பாவின் பெயர் நாட்டில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு உள்ள பெயர். இரண்டு முறை வேறு யாருடையதோ வந்தது. முதலில் முழுப் பிறப்புச் சான்றிதழை வாங்குங்கள். பொதுப் பதிவகத்தில் ஒன்று 12.50 பவுண்ட். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் அதிலேயே இருக்கும். பதிவகத்தின் பெயர் அட்டவணையில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது பிறந்த தேதிப்படி அடுக்கியதல்ல, பதிவு செய்த காலாண்டுப்படி அடுக்கியது. பதிவு செய்ய 42 நாள் அவகாசம் உண்டு. நவம்பர் கடைசியில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டு மார்ச் காலாண்டில் கிடக்கலாம்.

முழுச் சான்றிதழ் வந்ததும் நான் செய்த இரண்டாவது தவறுதான் பெரியது. சான்றிதழின் முதல் கட்டத்தில் "எப்போது, எங்கே பிறந்தது" என்று இருக்கும். அங்கே வெறும் கதவு எண்ணும் தெருப் பெயரும் இருந்தன. ஆஸ்பத்திரி என்றோ விடுதி என்றோ ஒரு சொல் இல்லை. ஆக வீட்டுப் பிரசவம் என்று முடிவு கட்டிவிட்டேன். அப்போது வீட்டுப் பிரசவம் சாதாரணம். 1950களின் நடுவில்கூட மூன்றில் ஒரு குழந்தைக்கு மேல் வீட்டில்தான் பிறந்தது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த ஊர் இருக்கும் கவுண்டியின், அதாவது மாவட்டம் போன்ற பெரிய நிர்வாகப் பகுதியின், காப்பகத்துக்கு ரயிலேறி, மருத்துவச்சிகளின் பதிவேடுகளைக் கேட்டேன். அந்தத் தாயின் பெயர் எதிலும் இல்லை. மணிக்கு 40 பவுண்ட் என்று காப்பக ஊழியரையே தேடச் சொன்னேன். மூன்று மணி நேரம் தேடி, இல்லை என்று எழுதினார்கள். மறுபடி ஒருமுறை நேரில் போனேன். திரும்பி வரும்போது, பதிவேடு அழிந்துபோயிருக்கும், இனி வழியில்லை என்றே நினைத்தேன்.

உண்மையில் அந்தக் கதவு எண் ஒரு பிரசவ விடுதியின் முகவரி. இங்கிலாந்தில் 1904 முதலே இப்படி ஒரு வழக்கம் இருந்தது. வொர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழை விடுதிகளில் பிறந்த குழந்தைகளுக்கு அந்த அவமானம் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று, நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டுச் சாதாரணத் தெரு முகவரியை எழுதச் சொன்னார்கள். அந்த ஏழை விடுதிகளின் மருத்துவப் பிரிவுகள் பல பின்னால் ஆஸ்பத்திரிகள் ஆயின. பிரசவ விடுதிகளுக்கும் கதவு எண் மட்டும் எழுதுவது சாதாரணமாக நடந்தது. எனவே முகவரியைப் பார்த்து வீடு என்று நம்பாதீர்கள். சரிபார்க்க இரண்டு இலவச வழிகள் உண்டு. ஒன்று, ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை அமைப்பின் பழைய வரைபடங்கள். இங்கிலாந்து ஊர்களும் அதில் உண்டு. பெரிய அளவு வரைபடத்தில் கட்டடத்தின் பெயரே அச்சாகியிருக்கும். இன்னொன்று, கெல்லிஸ் டைரக்டரி போன்ற பழைய தெருவாரிப் பெயர்ப்பட்டியல். அந்தக் கதவு எண்ணுக்கு நேரே குடித்தனக்காரர் பெயர் இருக்கிறதா, விடுதியின் தலைமைச் செவிலியரான மேட்ரன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். எனக்கு வரைபடம்தான் காட்டிக்கொடுத்தது. பத்து நிமிட வேலை. ஐந்து மாதம் கழித்துச் செய்தேன்.

அதே சான்றிதழின் ஏழாவது கட்டத்தில், பிறப்பைத் தெரிவித்தவரின் கையெழுத்து, உறவு, குடியிருப்பு முகவரி மூன்றும் இருக்கின்றன. தெரிவித்தவர் தாயார். அவர் குடியிருந்த இடம் பதினோரு மைல் தள்ளி வேறொரு தொழில் நகரம். அந்த நகரம் கவுண்டிக்குள் இருந்தாலும் கவுண்டியைச் சேர்ந்ததல்ல, அது தனி கவுண்டி பரோ, அதாவது கவுண்டிக்குக் கட்டுப்படாமல் தன்னைத் தானே நிர்வகித்த நகரம். இந்த ஒரு வேறுபாடு தெரியாததால்தான் நான் தவறான கட்டடத்தில் உட்கார்ந்திருந்தேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பிரசவப் பராமரிப்பு மூன்று பேர் கைக்குப் பிரிந்தது. ஆஸ்பத்திரிகளும் பிரசவ விடுதிகளும் பிராந்திய ஆஸ்பத்திரி வாரியங்களுக்குப் போயின. குடும்ப டாக்டர்கள் எக்ஸிகியூட்டிவ் கவுன்சில் என்ற தனி அமைப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வீட்டுக்கு வரும் மருத்துவச்சி, பிறந்த குழந்தையை வீட்டுக்கு வந்து பார்க்கும் ஹெல்த் விசிட்டர் என்ற செவிலியர், கர்ப்பிணிகள் பரிசோதனை, குழந்தை எடை பார்க்கும் நிலையம், வீட்டு வேலைக்கு உதவியாள், இவையெல்லாம் உள்ளூர் சுகாதார அதிகார அமைப்பின் கையில் இருந்தன. கவுண்டி கவுன்சில்களும் கவுண்டி பரோ கவுன்சில்களும்தான் அந்த அமைப்புகள். 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு தாய்மார், சிறு குழந்தைகள் பராமரிப்பு. 23 மருத்துவச்சி சேவை, 24 ஹெல்த் விசிட்டர், 25 வீட்டுச் செவிலியர், 29 வீட்டு உதவியாள். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சில் கமிட்டிக் குறிப்புகளிலும் ஆண்டறிக்கைகளிலும் தலைப்பே "பிரிவு 22" என்றுதான் இருக்கும். பொருளடக்கத்தில் பிரசவம் என்று தேடினால் சில நேரம் எதுவும் அகப்படாது.

1948க்கு முந்தைய நிலை வேறு. 1918ஆம் ஆண்டுத் தாய்-சேய் நலச் சட்டப்படி பல சிறு நகர கவுன்சில்களே சொந்தமாகத் தாய்-சேய் நலக் கமிட்டி வைத்து நிலையங்கள் நடத்தின. 1936ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டம் வந்த பிறகு, சம்பளத்துக்கு மருத்துவச்சிகளை அமர்த்துவது உள்ளூர் அமைப்புகளின் கடமை ஆனது. அதுவரை பெரும்பாலும் ஒரு பிரசவத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு தனியாகத் தொழில் செய்தவர்கள். 1948இல் சிறு நகரங்களின் கையிலிருந்த தாய்-சேய் நல வேலை கவுண்டிக்கு மாறியது. வடக்கு லண்டனில் இருக்கும் டாட்டன்ஹாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1947இல் அங்கே பிறந்தவரின் தாய்-சேய் நலப் பதிவுக்கு டாட்டன்ஹாம் பரோவை, அதாவது நகர கவுன்சிலை, பார்க்க வேண்டும். 1949இல் பிறந்தவருக்கு மிடில்செக்ஸ் கவுண்டி கவுன்சிலைப் பார்க்க வேண்டும். அந்தக் கவுண்டியும் வேலையைப் பகுதிகளாகப் பிரித்தது, ஹார்ன்சியும் டாட்டன்ஹாமும் சேர்ந்து ஒரு பகுதி. 1965இல் மிடில்செக்ஸ் கவுண்டியே இல்லாமல் போய், அதன் ஆவணங்கள் இன்று லண்டன் ஆர்க்கைவ்ஸ் என்று பெயர் மாறியிருக்கும் காப்பகத்தில் இருக்கின்றன. லண்டன் நகருக்குள்ளும் இதே கதைதான். 1948 வரை 28 மெட்ரோபாலிடன் பரோக்கள் நடத்தியதை லண்டன் கவுண்டி கவுன்சில் எடுத்துக்கொண்டு ஒன்பது பிரிவுகளாக நிர்வகித்தது. 1974 ஏப்ரல் 1ஆம் தேதி நாடெங்கும் இன்னொரு மாற்றம் வந்தது. எல்லைகளை மாற்றி வரைந்தார்கள், இந்தச் சேவைகளைக் கவுன்சில்களிடமிருந்து எடுத்துத் தேசிய சுகாதார சேவையில் சேர்த்தார்கள். அலுவலகங்கள் இடம் மாறியபோது பெட்டி பெட்டியாகக் காகிதம் தொலைந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. ஆகவே தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். பிரசவம் 1948 ஜூலைக்கு முன்பா பின்பா? தாய் குடியிருந்தது கவுண்டி பரோவா, கவுண்டிக்கு உட்பட்ட ஊரா? 1965, 1974 மாற்றங்களில் அந்த அமைப்பின் ஆவணம் யாரிடம் போனது? மூன்றாவதற்கு, அரசின் தேசிய ஆவணக் காப்பகமான நேஷனல் ஆர்க்கைவ்ஸின் டிஸ்கவரி என்ற இணையப் பட்டியலில் அந்த அமைப்பின் பெயரைப் போட்டுத் தேடலாம். ஊர்ப் பெயரைப் போட்டால் ஆயிரம் வரும், அமைப்பின் முழுப் பெயரைப் போட்டால் பத்து வரும்.

தாய் குடியிருந்த இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? குழந்தை பிறந்த 36 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்கு, அதாவது மெடிக்கல் ஆபீசர் ஆஃப் ஹெல்த்துக்கு, எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1907இல் ஒரு சட்டம் வந்தது. விரும்பிய ஊர்கள் ஏற்றுக்கொள்ளலாம் என்றிருந்ததை 1915இல் எல்லா ஊருக்கும் கட்டாயமாக்கினார்கள். இது பதிவாளரிடம் செய்யும் பதிவிலிருந்து வேறானது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் மிக அதிகம். இந்த அறிவிப்பின் நோக்கம் ஹெல்த் விசிட்டரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது. எனவே பெண் வேறு ஊரில் பிரசவித்தாலும், அந்த ஊர் அதிகாரி தகவலை அவள் சொந்த ஊர் அதிகாரிக்கு மாற்றி அனுப்பினார். ஆண்டறிக்கைகளில் "உள்ளே மாற்றி வந்தவை", "வெளியே மாற்றியவை" என்று தனி எண்ணிக்கை இருப்பது இதனால்தான். போர்க்காலத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். லண்டன் கர்ப்பிணிகளைக் குண்டுவீச்சிலிருந்து காக்கக் கிராமப்புற மாளிகைகளை அவசரப் பிரசவ விடுதிகள் ஆக்கினார்கள். சிட்டி ஆஃப் லண்டன் மெடர்னிட்டி ஆஸ்பத்திரி ஹார்ட்ஃபர்ட்ஷயரில் இருக்கும் பிராக்கெட் ஹாலுக்குப் போனது. அங்கே மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. சான்றிதழில் ஹார்ட்ஃபர்ட்ஷயர் என்று இருக்கும், குடும்பம் அந்தக் கவுண்டியில் ஒரு மாதம்கூட வாழ்ந்திருக்காது. அப்படிப் பிறந்தவர்கள் லண்டனில் தாயின் பரோ எது என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் காப்பகத்தில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியது "பிறப்பு அறிவிப்புப் பதிவேடு". நான் முதல் ஐந்து மாதம் இதைக் கேட்கவே இல்லை, மருத்துவச்சி பதிவேட்டையே கேட்டுக்கொண்டிருந்தேன். அறிவிப்புப் பதிவேட்டில் தேதிவாரியாக ஒவ்வொரு வரியிலும் பெற்றோர் பெயர், முகவரி, குழந்தை ஆணா பெண்ணா, பிறந்த இடம், அறிவித்த மருத்துவச்சி அல்லது டாக்டர் பெயர் இருக்கும். சில ஊர்களில் ஹெல்த் விசிட்டர் முதலில் போன தேதியும் எழுதியிருப்பார்கள். பிறந்த தேதி தெரிந்தால் பக்கத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம். மாற்றி வந்த அறிவிப்புகளைச் சில அலுவலகங்கள் பதிவேட்டின் கடைசியிலோ தனிப் புத்தகத்திலோ எழுதின. தேதி வரிசையில் இல்லை என்றதும் மூடிவிடாமல் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவச்சியின் பதிவேடு உண்மையான வீட்டுப் பிரசவத்துக்குத்தான் பயன்படும். ஆனால் கிடைத்தால் அதைப் போல் வேறொன்று இல்லை. மத்திய மருத்துவச்சிகள் வாரியம் விதித்த படிவம் அது. தாயின் பெயர், வயது, முகவரி, முந்தைய பிரசவங்களும் கருச்சிதைவுகளும் எத்தனை, மருத்துவச்சி வந்து சேர்ந்த தேதியும் மணியும், குழந்தை எந்த நிலையில் வந்தது, வலியின் ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு நேரம், சிக்கல் ஏதாவது, குழந்தை உயிரோடு பிறந்ததா, குறைமாதமா, டாக்டரை அழைத்தார்களா, கடைசியாக வந்து பார்த்த தேதி, அப்போது தாயும் சேயும் எப்படி இருந்தார்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். சிக்கல் என்றால் மருத்துவச்சி டாக்டரை அழைத்தே ஆக வேண்டும். 1918 முதல் அந்த டாக்டரின் கட்டணத்தை உள்ளூர் அமைப்பே முதலில் கொடுத்தது. அதற்கான மருத்துவ உதவிப் படிவத்தின் நகல் மருத்துவச்சிகளை மேற்பார்வை செய்த அமைப்புக்குப் போகும். பதிவேடு தொலைந்திருந்தாலும் இந்தப் படிவங்கள் சில இடங்களில் தனிக் கட்டாக மிஞ்சியிருக்கின்றன. இன்னொரு சிக்கல், பல கவுண்டிகளில் 1948க்குப் பிறகும் கவுன்சில் சார்பில் மாவட்டச் செவிலியர் சங்கங்களே மருத்துவச்சிகளை வைத்திருந்தன. கவுன்சில் ஆவணங்களில் பெயரே இல்லாத மருத்துவச்சி அப்படிப்பட்டவராக இருக்கலாம். அந்தச் செவிலியர்களுக்கான குவீன்ஸ் நர்சிங் இன்ஸ்டிடியூட்டின் ஆவணங்கள் லண்டனில் இருக்கும் மருத்துவ வரலாற்று நூலகமான வெல்கம் கலெக்ஷனிலும், மத்திய மருத்துவச்சிகள் வாரியத்தின் ஆவணங்கள் நேஷனல் ஆர்க்கைவ்ஸில் டி.வி. என்ற வரிசையிலும் இருக்கின்றன. வாரியத்திடம் இருப்பவை மருத்துவச்சிகளைப் பற்றியவை. அங்கே தாய்மாரின் பெயரைத் தேடிப் பொழுதை வீணாக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். பிரசவக் கோப்புகளை வைத்திருக்க வேண்டிய காலம் 25 ஆண்டு. 1950களின் தனிநபர் கோப்பு இன்று கிடைப்பது மிக அரிது. ஆனால் பிரசவ அறைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு என்ற தடித்த புத்தகங்களைப் பல ஆஸ்பத்திரிகள் காப்பகத்தில் ஒப்படைத்திருக்கின்றன. நோயாளி பெயர் உள்ளவை வழக்கமாக 100 ஆண்டு மூடியிருக்கும். மூடியிருக்கிறது என்றால் நீங்கள் நேரில் புரட்ட முடியாது என்று பொருள், உங்களைப் பற்றிய வரியை ஊழியர் பார்த்துச் சொல்ல முடியாது என்று பொருளில்லை. இதை நான் தவறாகப் புரிந்துகொண்டு ஒரு மாதம் சும்மா இருந்தேன். உயிரோடு இருப்பவர் தன்னைப் பற்றிய தகவலைத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். 2018 மே முதல் அதற்குக் கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கடிதத்தில் கையெழுத்து சம்பந்தப்பட்டவருடையதாக இருக்க வேண்டும். நான் என் பெயரில் எழுதிய முதல் கடிதம் அப்படியே திரும்பி வந்தது. தாயைப் பற்றிய வரிகளையும் கேட்பதானால், தாயின் இறப்புச் சான்றிதழ் நகலையும், மகள் என்பதைக் காட்டும் முழுப் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து அனுப்புங்கள்.

தனிப்பட்ட வரி எதுவும் கிடைக்காதவர்களுக்கும் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. சுகாதார அதிகாரியின் ஆண்டறிக்கைகள்தான் அவை. ஒவ்வொரு ஊர் அதிகாரியும் 1974க்கு முன்புவரை ஆண்டுதோறும் எழுதியிருக்கிறார். லண்டன் பகுதிக்கு 1848 முதல் 1972 வரை 5,500க்கும் மேற்பட்ட அறிக்கைகளை வெல்கம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. மற்ற ஊர்களுடையவையும் நிறைய வந்துவிட்டன. பிறந்த ஆண்டின் அறிக்கையைத் திறந்தால் அந்த ஊரில் எத்தனை மருத்துவச்சிகள், எந்தத் தெருவில் எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் குழந்தை நிலையம், வீட்டுப் பிரசவத்தில் எத்தனை பேருக்கு வலி குறைக்க வாயு கொடுத்தார்கள், எத்தனை பேருக்குப் பெத்திடின் என்ற வலி நீக்கும் மருந்து கொடுத்தார்கள் என்று எல்லாம் இருக்கும். மின்னிட் என்ற மயக்க மருத்துவர் 1933இல் செய்த வாயுக் கருவியை மருத்துவச்சிகள் பயன்படுத்த 1936இல் அனுமதி கிடைத்தது. பெத்திடினுக்கு 1950இல் கிடைத்தது. ஆக 1951 அறிக்கையில் பெத்திடின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஊர் பின்தங்கியது என்று நினைக்க வேண்டாம், மருந்து அப்போதுதான் கைக்கு வந்தது. குழந்தை இறப்பு வீதத்தையும் பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டும் சேர்ந்து 1900இல் ஆயிரத்துக்கு 150ஐத் தாண்டியிருந்தது, 1950இல் ஏறத்தாழ 30. ஆனால் ஒரு சிறிய ஊரின் ஓராண்டு வீதத்தை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். 400 பிறப்பு உள்ள ஊரில் நான்கு குழந்தை கூடுதலாக இறந்தாலே வீதம் பத்து ஏறிவிடும். ஐந்தாண்டு சேர்த்துப் பாருங்கள்.

வீட்டிலேயே தேட வேண்டியவையும் உண்டு, அதையும் நான் கடைசியில்தான் கேட்டேன். குழந்தை நிலையத்தில் வாராவாரம் எடை எழுதித் தரும் அட்டையைத் தாய்மார் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதில் நிலையத்தின் பெயரும் கவுன்சிலின் பெயரும் அச்சாகியிருக்கும். எந்த அமைப்பு என்ற கேள்விக்கு அதுவே விடை. பச்சை நிற ரேஷன் புத்தகமும் உதவும். கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் உரிய புத்தகம் அது. 1940இல் தொடங்கிய திட்டப்படி நாளொன்றுக்கு ஒரு பைன்ட் பால் இரண்டு பென்ஸுக்கு, வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாக. அதோடு ஆரஞ்சுச் சாறு, மீன் எண்ணெய், தேசியப் பால் மாவு டின். இவற்றை 1954 வரை உணவு அமைச்சகத்தின் உள்ளூர் அலுவலகங்கள் கொடுத்தன. ரேஷன் முடிந்த அந்த ஆண்டில்தான் பொறுப்பு உள்ளூர் சுகாதார அமைப்புகளுக்கு வந்தது. எனவே 1951 தாய் ஆரஞ்சுச் சாறு வாங்கிய பதிவைக் கவுன்சில் ஆவணத்தில் தேடினால் இருக்காது. குழந்தைகளுக்காக அரசு கொடுத்த குடும்பப் படித் தொகைக்கும் இதே மாதிரி ஒரு குழப்பம் வரும். 1946 ஆகஸ்டில் தொடங்கிய அந்த வாரம் ஐந்து ஷில்லிங் முதல் குழந்தைக்குக் கிடையாது, இரண்டாவதிலிருந்துதான். அந்தப் படித் தொகைப் புத்தகம் வீட்டில் இல்லை என்பதால் தாய் விண்ணப்பிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

இரண்டு விஷயங்களைத் தேடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தாய் மணமாகாதவர் என்றால் பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பு சேர்ந்து ஆறு வாரம் பின்பு வெளியேறும் தாய்-சேய் இல்லம் ஒன்றில் இருந்திருக்கலாம். பெரும்பாலானவற்றை நடத்தியவை தேவாலயங்களோடு சேர்ந்த அமைப்புகள், கவுன்சில் பணம் மட்டும் கொடுத்தது. ஆகவே இல்லத்தின் பதிவு மறைமாவட்ட ஆவணங்களிலும், பணம் கொடுத்த கணக்கு சுகாதாரக் கமிட்டிக் குறிப்பிலும் இருக்கும். தத்துக் கொடுக்கத் தாய் தரும் சம்மதம், குழந்தைக்கு ஆறு வாரம் ஆகும் முன் தந்ததானால் செல்லாது என்று 1949இல் சட்டம் வந்தது. அந்த ஆறு வாரம் குழந்தையைத் தானே பாலூட்டி வளர்த்துவிட்டுப் பிரிந்த பெண்கள் எத்தனை பேர். 1975 நவம்பர் 12க்கு முன் தத்துப் போனவர்கள் மூலப் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் ஓர் ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். அதைத் தடை என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். தனியாக அந்தக் காகிதத்தைப் பிரிப்பதைவிட அது நல்லது.

இறந்து பிறந்த குழந்தையைத் தேடுபவர்கள் இரண்டாவது. 1927 ஜூலை முதல் 28 வாரத்துக்குப் பிறகு (1992 முதல் 24 வாரம்) இறந்து பிறந்த குழந்தைகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு. பொது அட்டவணையில் அவர்கள் பெயர் வராது. பெற்றோர் கேட்கலாம், பெற்றோர் இறந்துவிட்டால் உடன்பிறந்தவர் கேட்கலாம். பொது அட்டவணையில் இல்லை என்பதால் அப்படி ஒரு குழந்தையே இல்லை என்று வயதான பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. ஆஸ்பத்திரியே அடக்கம் செய்த குழந்தைகளில் பலரும் பொதுக் குழியில்தான் இருக்கிறார்கள். கல்லறை நிர்வாகத்தின் பதிவேட்டில் தேதியும் குழி எண்ணும் இருக்கும். பிரசவத்துக்கு அடுத்த ஒரு மாத காலத்தைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு அருகில் உள்ள கல்லறைகள் எல்லாவற்றுக்கும் எழுதுங்கள். குழந்தைக்குப் பெயர் இருந்திருக்காது, தாயின் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள்.

என் தேடலுக்கு வருகிறேன். ஏழாவது மாதம் அந்தக் கவுண்டி பரோவின் ஆவணங்கள் உள்ள காப்பகத்துக்கு, அம்மையாரின் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் போனது. அதில் எழுதியது நான்கே விவரம்: பிறந்த தேதி, தாயின் பெயர், ஏழாவது கட்டத்தில் இருந்த முகவரி, பிரசவ விடுதி கவுண்டியில் இருந்ததால் அறிவிப்பு மாற்றி வந்ததாக இருக்கும் என்ற குறிப்பு. பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. மாற்றி வந்தவற்றுக்கான தனிப் புத்தகத்தில் அந்த வரி இருந்தது. விடுதியின் பெயர், அறிவித்த மருத்துவச்சியின் பெயர், பெண் குழந்தை, பிறந்து பதினாறாம் நாள் ஹெல்த் விசிட்டர் வீட்டுக்குப் போனது, தாய்ப்பால் கொடுக்கிறார் என்று ஒரு சுருக்கக் குறி. அம்மையார் அந்த நகலில் கடைசிக் குறியைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விடுதியின் பெயர் தெரிந்துவிட்டதால், அதன் சேர்க்கைப் பதிவேடு பிராந்திய ஆஸ்பத்திரி வாரியத்தின் ஆவணங்களோடு எங்கே இருக்கிறது என்று கேட்டு அடுத்த கடிதம் போயிருக்கிறது. அதற்கும் அவரே கையெழுத்துப் போட்டார்.